சாக்சன் சிறுமியும் சனிக்கிழமை வகுப்பும்

போன மாதம் என் பழைய வேலையிடத்து இளையவர்கள் என்னை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நோய் எனக்கில்லை. புதிதாகத் தோண்டிய ஒரு கல்லறையின் மண்ணை, மண்ணாகவே, ஸ்கானருக்குள் தள்ளிப் படம் எடுத்தார்கள். திரையில் ஒரு வாள் மெல்லச் சுழன்றது. பிடி தெரிந்தது, உறை தெரிந்தது, உறையில் பதித்த குமிழ்கூடத் தெரிந்தது. ஒரு துளி மண்ணை யாரும் தொடவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவலைப்பட்டேன்.

திரும்பி வரும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டாள், இதொன்றும் இல்லாமல் அந்தச் சிறுமியை எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று. அந்தச் சிறுமி என்றால் எங்கள் அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லத் தொடங்கினேன். கார் வந்து நின்ற பிறகும் ஒருவரும் இறங்கவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள். ஜெர்மன் மொழியில் பிறகு எழுதுவேன். நடந்ததில் பாதி தமிழில் நடந்தது. அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

நான் எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஜெர்மனிக்கு வந்தவள். இங்கே எனக்குக் கிடைத்த அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செயற்கைப் பல் செய்யும் கூடத்தில். மெழுகு, பிளாஸ்டர், ஊசிபோன்ற துளைக்கருவி என்று சில வருடங்கள் போயின. ஒருநாள் பக்கத்து நகரத்து அருங்காட்சியகம், புதைபொருள்களைச் சீர்செய்யும் பட்டறைக்கு ஆள் தேடுவதாக அறிந்தேன். போய்ப் பார்த்தால் மேசையில் கிடந்த கருவிகளெல்லாம் என்னுடையவை போலவே இருந்தன. பல்லுக்குப் பதில் துருப்பிடித்த ஊசிகளும் உடைந்த பானைகளும், அவ்வளவுதான். அங்கேயே மேலும் படித்து, பென்ஷன் எடுக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

பட்டறைக்குத் தலைவி ஃப்ராவ் யான்சன், தமிழில் திருமதி யான்சன். என்னைவிட எட்டு வயது இளையவர். நெட்டையானவர், குரலை உயர்த்தமாட்டார். வேலை தொடங்குமுன் இரண்டு கைகளையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருப்பார். குளிர்ந்த விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது என்பார். மண்ணுக்குள் இருந்து ஒரு பொருள் எட்டிப் பார்த்தால் அதன் பெயரைச் சொல்ல விடமாட்டார். ஊசி என்று சொல்லக் கூடாது. பச்சை, நீளம், ஒரு முனை தடிப்பு என்று சொல்ல வேண்டும். பெயர் வைத்த மறுகணமே கண் பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அது என்னைத் தொற்றிக்கொண்டது. வீட்டில் தொலைந்த சாவியை "மஞ்சள், தட்டை, நடுவில் ஓட்டை" என்று சொல்லித் தேடி, கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு குளிர்காலம். எல்பே, வேசர் ஆறுகளுக்கு இடைப்பட்ட ஒரு கிராமத்தின் ஓரமாகப் புதிய சாலை போட மணலை வாரியபோது, மணலில் கறுத்த நீள்சதுரங்கள் தெரிந்தன. அகழ்வாய்வாளர்கள் ஓடினார்கள். அது சாக்சன் மக்களின் இடுகாடு, சுமார் ஆயிரத்தைந்நூறு வருடம் பழையது. சிலரை எரித்துச் சாம்பலைப் பானையில் வைத்திருந்தார்கள். சிலரை உடுப்போடும் நகையோடும் படுக்க வைத்திருந்தார்கள்.

இந்த வடகடல் கரையில் இருந்துதான் பல சாக்சன் குடும்பங்கள் படகேறி, கடல் தாண்டிப் பிரித்தானியத் தீவுக்குப் போயின. அங்கே போன ஆங்கிள் மக்களோடு கலந்து ஆங்கிலோ-சாக்சன் ஆனார்கள். ஆங்கிலம் என்ற மொழியே அவர்களிடமிருந்து வந்தது. அங்கே கல்லறைகளில் கிடைக்கும், உடுப்பைத் தோளில் பூட்டும் உடுப்பூசிகளுக்கும் இங்கே கிடைப்பவற்றுக்கும் முகச்சாயல் ஒன்று. எங்கள் இடுகாட்டில் கிடந்தவர்கள், போனவர்களின் போகாத உறவினர்கள்.

ஒரு சின்னக் கல்லறையில் மட்டும் உலோகம் தேடும் கருவி விடாமல் கத்தியது. மழை வரப்போகிறது, மணல் இடிகிறது. அங்கேயே திறக்க வேண்டாம், மண்ணோடு தூக்குவோம் என்று ஃப்ராவ் யான்சன் முடிவெடுத்தார். நெஞ்சும் இடுப்பும் இருக்க வேண்டிய பகுதியைச் சுற்றிப் பள்ளம் வெட்டினோம். நடுவே நின்ற மண்ணை ஈரத்துணியால் போர்த்தி, முறிந்த காலுக்குக் கட்டுவது போலப் பிளாஸ்டர் கட்டினோம். அடியில் இரும்புத் தகட்டைத் தட்டித் தட்டி நுழைத்து, கிரேனால் தூக்கினோம். இப்படி எடுத்த மண்ணை நாங்கள் மண்பாளம் என்போம். எக்ஸ்ரே எடுக்கக் குதிரை வைத்தியரிடம் கொண்டுபோனோம், அந்த வட்டாரத்தில் அவரிடம்தான் பெரிய கருவி இருந்தது. படத்தில் இரண்டு வட்டங்களும் கொஞ்சம் புள்ளிகளும் தெரிந்தன. மற்றதெல்லாம் மூடுபனி.

பட்டறை மேல்மாடியில். பழைய கட்டடம், பலகைத் தரை. பாளத்தை மேசையில் ஏற்றி, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுத்தோம். மேல் ஓரத்தில் முதலில் வந்தவை பற்கள். அந்த மணல் எலும்பைத் தின்றுவிடும். பல்லின் மேற்கூடு மட்டும் தப்பும். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த நிபுணர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, ஏழெட்டு வயதுப் பிள்ளை என்றார். பெண்பிள்ளை என்பதை நகைகள் பிறகு சொல்லின. அன்றிலிருந்து ஃப்ராவ் யான்சன்கூடப் பாளத்தை 'அது' என்று சொல்லவில்லை, 'அவள்' என்றார்.

இந்த நேரத்தில்தான் கௌரி என்னைப் பிடித்தாள். கௌரி பிறேமன் நகரத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தியவள். வாயால் சொன்னால் கேட்காத பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. தன் வகுப்பைக் கூட்டிவர வேண்டும் என்று அடம்பிடித்தாள். ஃப்ராவ் யான்சன் மறுத்துவிட்டார். பட்டறை வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை, பிள்ளைகளுக்குக் கால்கள் இருக்கின்றன, தரை ஆடும் என்றார். அந்தச் சிறுமியின் வயதுப் பிள்ளைகள் அவளைப் பார்க்க வருகிறார்கள் என்று நான் சொன்ன பிறகு, தண்ணீரில் வைத்திருந்த கைகளை எடுத்துத் துடைத்தார். சரி, ஆனால் அவர்களும் என் சட்டப்படி நடக்க வேண்டும், யாரும் பெயர் சொல்லக் கூடாது என்றார்.

சனிக்கிழமை காலை பட்டறைக் கதவைத் திறந்தால் வெக்கை முகத்தில் அடித்தது. சின்னப் பிள்ளைகள் வருகிறார்களே என்று கட்டடப் பராமரிப்பாளர் அன்பு மிகுதியால் முதல் நாளே ஹீட்டரைக் கூட்டி வைத்திருந்தார். ஈரம் காய்ந்தால் பாளம் வெடிக்கும். ஃப்ராவ் யான்சன் ஹீட்டரை அடைத்தார். பாளத்தின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளை விலக்கி நீர் தெளித்தோம். ஒரு பக்கத்துப் பிளாஸ்டரை முந்தின வாரம்தான் கழற்றியிருந்தோம். அந்தப் பக்கத்தில் ஒரு மயிரிழைக் கோடு தெரிந்தது. பெரிதாக இல்லை.

பிள்ளைகள் பதினைந்து பேரளவில் வந்தார்கள். பனிச்சப்பாத்துகளைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அரைவட்டமாக நின்றார்கள். பெரும்பாலும் எங்கள் ஆட்களின் பிள்ளைகள். விக்னேஷ் என்றொருவன் மட்டும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர் ஒருவரின் மகன். நான் சட்டத்தைச் சொன்னேன். முன்வரிசையில் நின்ற தாரணி, முன்பல் இரண்டும் விழுந்திருந்தவள், மண்ணுக்குள் தெரிந்த ஒரு மணியைப் பார்த்தாள்.

"மண்ணிறம். சின்னன். உள்ளுக்கு வெளிச்சம் இருக்கு."

அம்பரை, கல்லாக இறுகிய அந்த மரப்பிசினை, அதைவிட நன்றாக நானே சொன்னதில்லை. ஃப்ராவ் யான்சன் என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுத் தலையாட்டினார். எனக்குப் பெருமையில் காது சூடேறியது.

அப்போதுதான் பின்வரிசைக்காரர்கள் எட்டிப் பார்க்க முன்னுக்கு நெருக்கினார்கள். தரை மெல்ல ஆடியது. மயிரிழைக் கோடு நகம் நுழையும் அளவுக்கு விரிந்தது. அதன் வழியே மணல் கொட்டத் தொடங்கியது.

ஃப்ராவ் யான்சன் பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து, அந்தப் பக்கத்தில் சாய்த்து, உடம்பால் முட்டுக் கொடுத்தார். யாரும் நடக்கக் கூடாது என்றார். வெளியே அனுப்பலாமா என்று கேட்டேன். அத்தனை பேரும் கதவுவரை நடந்தால் எல்லாம் போய்விடும், நிற்கட்டும் என்றார்.

"பிள்ளையள், எல்லாரும் நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ," என்றேன். "ஒரு காலையும் தூக்காதேங்கோ. நீங்கள் அசைஞ்சால் அவ விழுந்திடுவா."

விழக்கூடிய பகுதியில்தான் மணிகள் கிடந்தன. நூல் உக்கிப் போய் ஆயிரத்தைந்நூறு வருடமாகியும், கழுத்தில் தொங்கிய வரிசை கலையாமல் மண் பிடித்து வைத்திருந்தது. மண் சரிந்தால் மணிகள் கிடைக்கும், வரிசை போய்விடும். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணியை அவளுடைய தாய் கோத்தாள் என்பது என்றைக்கும் தெரியாமல் போய்விடும்.

எங்களிடம் மெழுகு போல ஒரு பொருள் இருந்தது. உருக்கித் தடவினால் உடனே கல்லாக இறுகும். சில வாரத்தில் தானாகவே காற்றோடு காற்றாகப் போய்விடும், சுவடும் இருக்காது. சூடாக்கும் தட்டு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெல்லிய வலைத்துணியை மணிகளின் மேல் விரித்து, தூரிகையால் மெழுகைத் தொட்டுத் தொட்டு வைத்தேன். மெதுவாகச் செய்தால் தூரிகையிலேயே உறைந்துவிடும். வேகமாகச் செய்தால் மணி நகரும்.

ஃப்ராவ் யான்சன் பலகையைப் பிடித்தபடி சொன்னார்: "பேசிக்கொண்டே இருங்கள். உங்கள் குரல் நின்றால் அவர்கள் அசைவார்கள்."

கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினேன். வாழ்க்கையில் நான் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் இல்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்தது, அது எங்களுக்குத் தெரியாது என்று தொடங்கினேன். மரவீடு, நடுவில் நெருப்பு, அதே கூரைக்குக் கீழே மாடுகளும். கம்பளி உடுப்பு, அதைத் தோளில் பூட்ட இரண்டு ஊசி வட்டங்கள். ஏன் இதெல்லாம் அவவோடு வைத்தார்கள் என்று யாரோ கேட்டார்கள். போகிற இடத்தில் தேவைப்படும் என்று நினைத்திருக்கலாம், அவவின் பொருளை வேறு ஆள் போட்டால் தாங்காது என்றும் நினைத்திருக்கலாம், எழுதி வைக்காததால் எங்களுக்குத் தெரியாது என்றேன். படகேறி இங்கிலாந்துக்குப் போன கதையைச் சொன்னேன்.

"அப்ப அவையளும் அகதியளோ, அன்ரி?" என்றான் கபிலன் என்ற பையன்.

சிலர் நல்ல நிலம் தேடிப் போனார்கள், சிலர் பயத்தில் போனார்கள், சிலர் போகாமல் நின்றுவிட்டார்கள் என்றேன். இவவின் வீட்டார் நின்றவர்கள்.

பிறகு தாரணி கேட்டாள். "அவவுக்கு எத்தினை வயசு?"

கௌரி கண்ணால் வேண்டாம் என்று காட்டியிருப்பாள். நான் பார்க்கவில்லை. தூரிகையில் மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்ல எனக்கு நேரமும் இல்லை.

"உங்கட வயசு. பால்பல் சிலது இருக்கு. பெரிய பல்லுகள் முளைக்கிறதுக்குக் காத்துக்கொண்டு இருந்திருக்கு."

ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தனை பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு நாக்கால் தங்கள் பற்களைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு ஒரு பிள்ளையும் அசையவில்லை. அவர்கள் இப்போது எனக்காக நிற்கவில்லை, அவளுக்காக நின்றார்கள்.

கபிலனுக்கு மட்டும் நிற்க முடியவில்லை. அவனுக்கு அவசரம். "ஏலாது அன்ரி, வந்திடும்," என்று முணுமுணுத்தான். நான் மொழிபெயர்த்தேன். ஃப்ராவ் யான்சன் அந்த நிலையிலும் நிதானமாக யோசித்து, தாடையால் சுவரைக் காட்டினார். சுவரோரம் உத்தரம் பலமாக இருக்கும், முதுகைச் சுவரில் வைத்துக் காலை இழுத்து இழுத்துப் போகட்டும் என்றார். அவன் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து கதவை அடைந்தபோது, கைதட்ட வேண்டும் போல இருந்தது. யாரும் தட்டவில்லை.

கடைசி மணிகளுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். பலகைக்கு வெளியே, இடுப்புப் பக்கத்து மூலையில், ஒரு பெரிய மண்துண்டு சத்தமில்லாமல் கழன்றது. ஃப்ராவ் யான்சன் இடுப்பால் பலகையை முட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் கீழே நீட்டினார். மணல் அவர் விரல்களுக்கிடையால் வழிந்து போனது. கையில் நின்றது பச்சை.

எக்ஸ்ரேயில் மூடுபனியாகத் தெரிந்த இடத்தில் இருந்த கண்ணாடிக் கிண்ணம். பாதி அவர் கையில், பாதி இன்னும் மண்ணில். கண்ணாடி இழைகள் அதைச் சுற்றி ஓடின. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அது ஈரமாக மின்னியது. விளிம்புகூட உடையவில்லை. இந்த மண்ணில் முழுக் கண்ணாடிப் பாத்திரத்தை நாங்கள் இருவரும் அதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருந்தோம்.

ஃப்ராவ் யான்சனால் இனி அசைய முடியாது. என்னாலும் முடியாது, கடைசி மணிகளில் மெழுகு இன்னும் இறுகவில்லை. பஞ்சு பரப்பிய தட்டு எதிர்ச் சுவர் அலுமாரியில் இருந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றது கௌரிதான்.

"கௌரி, வெள்ளைத் தட்டு. சுவரோரமா வா."

கௌரி இடது கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, வலது கையில் தட்டை ஏந்தி, கபிலன் போன வழியிலேயே வந்தாள். வகுப்பில் ஒரு நாளும் அவளுக்குக் கிடைத்திராத அமைதியில், பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டைக் கிண்ணத்தின் அடியில் கொடுத்தாள். ஃப்ராவ் யான்சன் மண்ணில் இருந்த மற்றப் பாதியை விரல் நுனியால் விடுவித்தார். கிண்ணம் பஞ்சில் உட்கார்ந்தது. என் பக்கத்தில் மெழுகு வெள்ளையாக இறுகி மணிகளைப் பூட்டிவிட்டது. துணிப்பட்டிகளால் பாளத்தின் பக்கத்தை இறுக்கிக் கட்டினேன்.

முடிந்தது, இனி அசையலாம் என்று சொன்னதும் எழுந்த சத்தத்தைக் கேட்டு பராமரிப்பாளர் மேலே ஓடிவந்தார். ஃப்ராவ் யான்சன் மணலுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பிள்ளைகளைக் கிட்டக் கூப்பிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பச்சை என்றார்கள், மெல்லிசு என்றார்கள், உள்ளுக்கு மண் என்றார்கள். ஒருவரும் கிண்ணம் என்று சொல்லவில்லை. அத்தனையையும் நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

மெழுகு மறையச் சில வாரம் பிடித்தது. தினமும் காலையில் போய்ப் பார்ப்போம். வெள்ளைப் போர்வை மெலிந்து மெலிந்து, ஒருநாள் வலைத்துணி மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கினால் அவளுடைய மாலை, வைத்தது வைத்தபடி. நீலம், மஞ்சள், அம்பர், மறுபடி நீலம். கிண்ணம் ரைன் ஆற்றுப் பக்கத்துப் பட்டறையில் ஊதிச் செய்தது என்று கண்ணாடி தெரிந்தவர்கள் சொன்னார்கள். கொலோன் பக்கமாக இருக்கலாம் என்றார்கள். கௌரியின் வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கே மாமாவோ சித்தியோ இருந்ததால் இந்தச் செய்திக்கு நல்ல வரவேற்பு.

உடுப்பூசிகளைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு வந்தது. உருப்பெருக்கியின் கீழ் துருவை எடுத்தபோது முதலாவது வட்டத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. கார்னெட் என்ற சிவப்புக் கல், மெல்லிய தகடாகச் செதுக்கிப் பதித்தது. வெளிச்சம் திரும்பி வருவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் கோடு கீறிய பொற்றகடு. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அந்தக் காலத்தில் இப்படியான கற்கள் எங்கேயிருந்து வந்திருக்கலாம் என்று படித்திருந்தேன். ஃப்ராவ் யான்சனுக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது சொல்ல வேண்டாம், ஆய்வுகூடம் சொல்லட்டும் என்றார். என் வாய் மிகவும் கஷ்டப்பட்ட மாதங்கள் அவை.

ஆய்வின் முடிவு வந்தது. கற்களில் சில வட இந்தியாவைச் சேர்ந்தவை. மற்றவற்றின் சேர்மானம் இலங்கைக் கற்களோடும் தென்னிந்தியக் கற்களோடும் பொருந்துகிறது, இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்று இருந்தது. அன்று மாலையே கௌரிக்கு ஃபோன் எடுத்தேன். நான் அவசரமாகக் கொட்டித் தீர்த்ததில் முதலில் அவளுக்கு என்ன சொல்கிறேன் என்றே விளங்கவில்லை.

அடுத்த வருடம் கண்காட்சி திறந்தபோது வகுப்பு முழுவதும் வந்தது. அந்தச் சிறுமியை, பாளம் கிடந்த மாதிரியே, தாழ்வான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தோம், பிள்ளைகளின் உயரத்துக்கு. கற்கள் கப்பலில் செங்கடலுக்கும், அங்கிருந்து எகிப்துக்கும், கைமாறிக் கைமாறி ரைன் கரைப் பொற்கொல்லர்களுக்கும் வந்த வழியைச் சொன்னேன். உடனே சண்டை மூண்டது.

"இது எங்க ஊர்லேருந்து வந்த கல்லு," என்றான் விக்னேஷ்.

"இல்லை, எங்கட," என்றான் கபிலன்.

ஃப்ராவ் யான்சன் எதற்குச் சண்டை என்று கேட்டார். சொன்னேன். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்தும் ஆட்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்றால் நகை நல்ல நகைதான் என்று சொல்லிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

தாரணி சண்டையில் சேரவில்லை. கண்ணாடியோடு ஒட்டி நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கல் எங்கயிருந்து வந்ததெண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்குமோ, அன்ரி?"

"இல்லை. இங்க ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் முழந்தாளில் இருந்தாள். இரண்டு கைகளையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, கண்ணாடியில் வைத்து, நெடுநேரம் ஏதோ சொன்னாள். சண்டை பிடித்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எழுந்து வந்தபோது என்ன சொன்னாய் என்று கௌரி கேட்டாள். நானும் கேட்டேன். தாரணி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"அது அவவுக்குச் சொன்னது," என்றாள்.